ரத்தப் புற்றுநோய் என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான ரத்தப் புற்றுநோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குழந்தைகளைத் தாக்கும் தீவிர லுக்கேமியாவைப் பற்றியும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டிருந்தவை சரியானவையே. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை "ரத்தப் புற்றுநோய்" என்ற ஒரே பெயர்தான் வருகிறது. சிகிச்சையைத் தாமதித்தால் சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்து என்னும் எச்சரிக்கையும் எல்லா வகைக்கும் பொருந்துவதுபோல் அச்சாகியிருக்கிறது. மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கட்டுரையில் இடம்பெறாத மெல்ல வளரும் வகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

இந்த வகைகளில் இரண்டு நேரெதிரான தவறுகள் நடக்கின்றன. உடனே எந்த மருந்தும் தேவைப்படாத பெரியவர் ஒருவருக்காக, பரிசோதனை அறிக்கை வந்த வாரத்திலேயே குடும்பம் நிலத்தை விற்று, ஊர் ஊராக அலைந்து, "ஏதாவது செய்யுங்கள் டாக்டர்" என்று மன்றாடுகிறது. வாழ்நாள் முழுவதும் நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டிய இளைஞரோ, உடம்பு தேறிவிட்டது என்று தாமாகவே நிறுத்திவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் கைமீறிய நிலையில் திரும்பி வருகிறார். முன்னவருக்குத் தேவை பொறுமை. பின்னவருக்குத் தேவை கண்டிப்பு. இருவருக்கும் செய்தித்தாளிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் கிடைத்தது ஒரே பெயரும் ஒரே முடிவும்தான். எந்த வகை என்பதைப் பெயர் சொல்லி எழுதும் வழக்கம் நம் இதழ்களில் வந்துவிட்டால் இந்த இரண்டு தவறுகளிலும் கணிசமானவற்றைத் தவிர்க்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிக்கையில் முதலில் கண்ணில் படும் சொல் "நாட்பட்ட" என்பது. மருத்துவர் அதை "மெல்ல நகர்கிற, முதிர்ந்த அணுக்களைக் கொண்ட" என்ற பொருளில் சொல்கிறார். நம் வீடுகளிலோ நாட்பட்ட புண், நாட்பட்ட இருமல் என்றால் கவனிக்காமல் விட்டு முற்றிப்போனது என்று பொருள். ஆகவே "நாட்பட்ட லுக்கேமியா" என்று கேட்டவுடனேயே நோயாளியின் மகன், "இத்தனை நாள் பார்க்காமல் விட்டுவிட்டோமே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். நுண்ணோக்கியின் கீழ் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவானது. தீவிர வகையில் முதிராத பெரிய அணுக்கள், பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் "பிளாஸ்ட்" என்று சொல்பவை, மஜ்ஜையை நிறைத்துவிடுவதால் சிவப்பணுவும் தட்டணுவும் உண்டாக இடமில்லாமல் போகிறது. அங்கே நாள்கணக்கு முக்கியம். மெல்ல வளரும் வகைகளில் அணுக்கள் முதிர்ச்சி அடைகின்றன, ஓரளவு வேலையும் செய்கின்றன. தேவைக்கு மேல் பெருகுவதும், சாக வேண்டிய காலத்தில் சாகாமல் தங்கிவிடுவதும்தான் சிக்கல். அங்கே மாதக்கணக்கு, பலருக்கு ஆண்டுக்கணக்கு.

முதலில் சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட லிம்போசைட் லுக்கேமியா. லிம்போசைட் என்பது வெள்ளையணுவில் ஒரு வகை. மேலை நாடுகளில் பெரியவர்களிடம் அதிகம் காணப்படும் லுக்கேமியா இதுதான். நம் நாட்டில் அந்த அளவுக்கு இல்லை, என்றாலும் முதியோர் எண்ணிக்கையும் உடல் பரிசோதனைகளும் பெருகப் பெருக, இதைக் கண்டறிவதும் கூடிவருகிறது. பெரும்பாலும் வேறு எதற்காகவோ எடுத்த ரத்தத்தில்தான் இது வெளிப்படும். கண்புரை அறுவை சிகிச்சைக்கு வந்தவருக்கு வெள்ளையணு 11,000-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 48,000 என்று கணினி அச்சடித்துத் தரும். அவருக்குக் காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருக்கிறது, அன்று காலையில்கூட வயலுக்குப் போய் வந்திருக்கிறார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிப் பார்த்தால், ஒரே அளவிலான சிறிய லிம்போசைட்டுகள் வரிசை வரிசையாகத் தெரியும். இடையிடையே, தகட்டில் இழுக்கும்போதே நசுங்கிச் சிதைந்த கறைகளும் கிடக்கும். அவற்றை "ஸ்மட்ஜ் செல்" என்று அறிக்கையில் எழுதுவோம். தகட்டைத் தவறாகத் தயாரித்ததால் வந்த அழுக்கு என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் அவற்றைக் கழுவித் திரும்பச் செய்வதுண்டு. அந்த அணுக்களின் உடைந்துபோகும் இயல்பே ஒரு துப்பு என்பது பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

அந்தத் துப்போடு நோய் உறுதியாகிவிடாது. வைரஸ் காய்ச்சலிலும் வேறு சில தொற்றுகளிலும் லிம்போசைட் ஏறும். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் சோதனையில் அந்த அணுக்கள் எல்லாம் ஒரே மூல அணுவிலிருந்து பெருகிய பி-லிம்போசைட்டுகள் என்றும், சி.டி.5, சி.டி.19, சி.டி.23 என்ற அடையாளங்களைத் தாங்கியவை என்றும் தெரிய வேண்டும். அவற்றின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 5,000 அல்லது அதற்கு மேல், 3 மாதமாவது நீடிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்து, நெறிக்கட்டியோ வேறு குறையோ இல்லாவிட்டால் அதற்குப் பெயரே வேறு. அதைப் புற்றுநோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அறிக்கையில் "சி.எல்.எல். / எஸ்.எல்.எல்." என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டு புற்றுநோய் சேர்ந்து வந்துவிட்டதாக அழுத குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். நோய் ஒன்றுதான். ரத்தத்தில் அதிகம் தெரிந்தால் முதல் பெயர், நிணநீர்க் கணுக்களில் அதிகம் தெரிந்தால் இரண்டாவது பெயர்.

அடுத்த அதிர்ச்சி "ஸ்டேஜ்" என்ற சொல்லால் வருகிறது. மார்பகப் புற்றுநோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் 4-ஆம் நிலை என்றால் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டது என்று பொருள். நம் மக்கள் அதை நன்றாகவே கற்றுவைத்திருக்கிறார்கள். சி.எல்.எல். நோய்க்கான நிலைகளை 1975-இல் வகுத்தவர் ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கான்டி ராய். அவருடைய கணக்கில் தொடக்கமே பூஜ்யம்: ரத்தத்தில் லிம்போசைட் மட்டும் கூடியிருக்கும். நெறி கட்டினால் 1, மண்ணீரலோ கல்லீரலோ வீங்கினால் 2, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் 3, தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே போனால் 4. பரவியதா இல்லையா என்ற கேள்வியே இதில் இல்லை, ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் ஏற்கெனவே போய்த்தான் இருக்கிறது. மஜ்ஜை எவ்வளவு இடம் இழந்திருக்கிறது என்பதே இந்த எண்களின் பொருள்.

நம் ஊர் நிலைமையில் இதற்கு ஒரு சிறப்பான எச்சரிக்கை தேவை. இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் 9-லும் 10-லும் நிற்பவர்கள் தமிழ்நாட்டில், அதிலும் பெண்களிடையே, ஏராளம். அப்படிப்பட்ட ஒருவருக்குத் தற்செயலாக சி.எல்.எல். தெரிய வந்தால், அந்த ரத்தசோகையையும் புற்றுநோயின் கணக்கில் எழுதி 3-ஆம் நிலை என்று முத்திரை குத்திவிட முடியும். நோயினால் மஜ்ஜை நிறைந்து வந்த சோகையா, மூலத்தில் ரத்தம் போனதால் வந்ததா, குடற்புழுவால் வந்ததா, உடலின் எதிர்ப்பாற்றலே சிவப்பணுவை அழிப்பதால் வந்ததா என்று பிரித்துப் பார்த்த பிறகே அந்த எண்ணுக்கு மதிப்பு. உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும், எதிர்ப்பாற்றல் சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் சோதனையும் இதில் பாதி விடையைச் சொல்லிவிடும். பெரிய செலவும் இல்லை.

இனி, பலருக்கும் விழுங்கக் கடினமான செய்தி. தொடக்க நிலை சி.எல்.எல். நோயாளிக்கு மருத்துவர் மருந்து எதுவும் எழுதாமல், "3 மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார். கைவிட்டுவிட்டார் என்றே குடும்பம் நினைக்கிறது. வேறு மருத்துவரைத் தேடிப் போகிறது. அங்கும் அதையே சொன்னால் மூன்றாமவரைத் தேடுகிறது. யாராவது ஒருவர் ஊசி போட ஒப்புக்கொள்ளும் வரை அலைச்சல் ஓயாது. கவனித்துக் காத்திருத்தல் என்ற இந்த முறை மருத்துவரின் சோம்பலால் வந்ததன்று. தொடக்க நிலையிலேயே குளோராம்புசில் என்ற கீமோ மாத்திரை கொடுத்த நோயாளிகளையும் கொடுக்காமல் காத்திருந்த நோயாளிகளையும் ஒப்பிட்டு பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 1998-இல் முடிவு வெளியிட்டார்கள். மாத்திரை நோயின் நகர்வைத் தாமதப்படுத்தியது, ஆனால் ஆயுளைக் கூட்டவில்லை. மருந்தின் பக்கவிளைவுகள் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்தன. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடைசி வரை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வேறு ஏதோ காரணத்தால், முதுமையால் இறக்கிறார்கள்.

எப்போது சிகிச்சை தொடங்குவது என்பதற்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறைகள் இருக்கின்றன. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குதல், தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே போய்க் குறைந்துகொண்டே வருதல், மண்ணீரலோ நெறிகளோ மிகப் பெரிதாகி வயிற்றை அழுத்துதல், 6 மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு தானாகக் குறைதல், தொற்று இல்லாமலே 2 வாரத்துக்கு மேல் காய்ச்சல், ஒரு மாதத்துக்கு மேலாக இரவில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை, லிம்போசைட் 6 மாதத்துக்குள் இரட்டிப்பாதல் ஆகியவையே அவை. கவனியுங்கள், வெள்ளையணு இத்தனை ஆயிரத்தைத் தாண்டினால் என்று ஒரு எண் இதில் இல்லை. வெள்ளையணு 1 லட்சத்தைத் தாண்டியும் வழக்கம்போல் கடை திறந்து வியாபாரம் பார்த்தவர்கள் உண்டு. சிகிச்சை தேவைப்படும் நாளில் டி.பி.53 மரபணுவும் 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் பழுதாகியுள்ளனவா என்று பார்த்த பிறகே மருந்தை முடிவு செய்ய வேண்டும். பழுதாகியிருந்தால் பழைய கீமோ மருந்துகள் வேலை செய்வதில்லை. இப்ரூட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ் போன்ற மாத்திரைகள் வந்த பிறகு அந்த நோயாளிகளுக்கும் வழி பிறந்திருக்கிறது. மேலும், காத்திருக்கும் காலம் சும்மா இருக்கும் காலமன்று. இந்நோயில் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் நிமோனியாவுக்கும் இன்ஃப்ளூயன்சாவுக்குமான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும், உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும், காய்ச்சலைக் கஷாயத்தோடு விட்டுவிடக் கூடாது. ஒரு நெறி மட்டும் திடீரென்று வேகமாக வீங்கினால் 3 மாதம் காத்திராமல் அன்றே போக வேண்டும். சிலருக்கு இது மூர்க்கமான லிம்போமாவாக, அதாவது நிணநீர்க் கணுக்களின் புற்றுநோயாக, மாறுவதுண்டு.

சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா இதற்கு நேர்மாறான பாடம். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு என்பதால் வீட்டாரும் உறவினரும், சில வேளைகளில் செய்தியாளர்களும்கூட இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மேலை நாடுகளில் அறுபது வயதை ஒட்டி வரும் இந்நோய் நம் நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், குடும்பத்தைத் தாங்கும் வயதில் வருகிறது. இடது விலா எலும்புக்குக் கீழே பாரமாக இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது என்று வருவார்கள். வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்குவதுதான் காரணம். வெள்ளையணு 2 லட்சம், 3 லட்சம் என்று இருக்கும் அந்த ரத்தத்தைக் குழாயில் சற்று நேரம் நிமிர்த்தி வைத்தால், சிவப்புக்கு மேலே மெல்லிய கோடாகத் தெரிய வேண்டிய வெள்ளையணுக்களின் வெளிர்படலம் தடித்த அடுக்காகப் படிந்து நிற்கும். ஜெர்மானிய மருத்துவர் விர்கோ 1847-இல் இந்நோய்க்கு "வெள்ளை ரத்தம்" என்ற பொருளில் லுக்கேமியா என்று பெயரிட்டது ஏன் என்பது அதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

இந்நோயின் வேர் துல்லியமாகத் தெரிந்த ஒன்று. 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர் நோயாளிகளின் அணுக்களில் அளவில் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் தத்தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குட்டை அது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மரபணுக்களின் பெயர்தான் அறிக்கையில் "பி.சி.ஆர்.-ஏ.பி.எல்." என்று வருகிறது. பிறவியிலேயே வந்ததன்று, பெற்றோரிடமிருந்து வருவதுமன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. "ஜீன் கோளாறு" என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சையே நிறுத்திய குடும்பங்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த இணைந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை மட்டும் குறிவைத்து அடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதற்கு முன்பு நாலைந்து ஆண்டுகளில் தீவிர லுக்கேமியாவாக மாறி உயிரைப் பறித்துவந்த நோய், இன்று பெரும்பாலோருக்குச் சர்க்கரை நோய்போல் மாத்திரையோடு வாழ்கிற நோய். இமாட்டினிப் பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்து 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மாத்திரையின் கதையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் மறந்திருக்கலாம். நோவார்ட்டிஸ் நிறுவனம் இதன் ஒரு வடிவத்துக்கு 1998-இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2006-இல் அந்த அலுவலகம் அதை மறுத்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு எளிதில் காப்புரிமை தராத, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.1.2 லட்சம் என்றும் உள்நாட்டுத் தயாரிப்பு ரூ.8,000 அளவில் என்றும் அந்நாளில் பேசப்பட்டது. அந்தத் தீர்ப்பைத் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களும் வணிகச் செய்தியாகப் பெரிதாக வெளியிட்டன. எந்த நோய்க்கான மாத்திரை, அதை எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்பதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் வெள்ளையணு இயல்புக்கு வந்துவிடும், மண்ணீரல் சுருங்கிவிடும், பசி திரும்பிவிடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கண்ணைச் சுற்றிய வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, தோல் நிறம் வெளுப்பது போன்ற தொல்லைகள் இருக்கும்; "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இந்த மாத்திரை" என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடத் தொடங்குவார்கள். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் நோய் ஆழமாக அடங்குவது மிக அரிதாகவே இருந்தது. நாளுக்கு ஒன்று என்றால், மீதி 10 சதவீதம் மாதக் கணக்கில் 3 மாத்திரைதான். ஒரு திருமணம், ஒரு வெளியூர்ப் பயணம், மருந்துக்கடையில் சரக்கில்லாத ஒரு நாள்: அந்த மூன்றும் போயிற்று.

வெள்ளையணு இயல்பாகிவிட்டது என்பதும் நோய் அடங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்வது 3 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படும் பி.சி.ஆர். (PCR) சோதனை; மரபணுவின் பெயரில் வரும் பி.சி.ஆர். (BCR) வேறு. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையின் அதே வழிமுறைதான், தேடும் பொருள் மட்டும் வேறு. அந்த அறிக்கையில் வரும் சதவீதத்தை உடம்பில் எத்தனை பங்கு புற்றுநோய் மிச்சமிருக்கிறது என்று படிக்கக் கூடாது. பன்னாட்டு அளவுகோல் ஒன்றில் வைத்து ஒப்பிட்ட எண் அது; 3 மாதத்தில் 10-க்குக் கீழே வர வேண்டும், ஓராண்டை ஒட்டி 0.1 அல்லது அதற்குக் கீழே வந்தால் மிக நல்லது. எண் ஏறத் தொடங்கினால் மருத்துவர் முதலில் கேட்பது மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்றுதான். இல்லை என்றால் மருந்தை மாற்றுவார். சில ஆண்டுகள் மிக ஆழமாக அடங்கிய நிலையில் இருந்தவர்கள், மருத்துவரின் கண்காணிப்பில், மாதந்தோறும் சோதித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. பிரான்ஸில் அப்படி நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களிடம் மாத்திரை மீண்டும் பலித்தது. இந்தச் செய்தியைத் "மாத்திரையை நிறுத்தலாம்" என்ற தலைப்பில் யாரும் வெளியிட்டுவிடக் கூடாதே என்பது என் கவலை.

லிம்போமாக்களில் மெல்ல வளரும் வகைக்கு ஃபாலிகுலர் லிம்போமா நல்ல எடுத்துக்காட்டு. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறிக்கட்டியாகத் தொடங்கும். நம் ஊரில் நெறிக்கட்டிக்குக் காசநோயே முதல் சந்தேகம், அது நியாயமும்கூட. ஆனால் ஊசியால் உறிஞ்சிப் பார்த்த சோதனையோடு நிறுத்தி, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் கரையாத கட்டியை முழுதாக வெட்டியெடுத்துச் சோதிக்கத் தயங்கக் கூடாது. லிம்போமாவின் வகையை உறுதியாகச் சொல்ல முழுக் கணு வேண்டும். இந்நோய் பெரும்பாலும் 3-ஆம், 4-ஆம் நிலையில்தான் கண்டறியப்படுகிறது, அந்நிலையிலும் அறிகுறியற்றவர்கள் பல ஆண்டுகள் மருந்தில்லாமல் இருக்க முடிகிறது. இன்னொரு விநோதம், மருந்தே இல்லாமல் சிலருக்குக் கட்டி சுருங்கும், பிறகு வளரும், மீண்டும் சுருங்கும். போலி வைத்தியர்களுக்கு இதைவிட வசதியான நோய் கிடைக்காது. கட்டி தானாகச் சுருங்கிய மாதத்தில் கொடுத்த லேகியம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாகப் பெயர் வாங்கிவிடும்; பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கட்டி கரைவதும் உறுதி, பிறகு இரட்டிப்பாக எழுவதும் உறுதி. "முன்னும் பின்னும்" என்று ரத்த அறிக்கைகளை அருகருகே வைத்து வரும் விளம்பரங்களை ஏற்குமுன் தங்கள் விளம்பரப் பிரிவு இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்களின் புற்றுநோயான மைலோமாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரதச் சோதனையில் "எம் பேண்ட்", அதாவது ஒரே வகைப் புரதம் மிகுந்திருப்பதைக் காட்டும் பட்டை, தெரிந்தவுடன் மைலோமா என்று முடிவு செய்யக் கூடாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978-இல் தனியாகப் பெயரிட்டு விளக்கிய, மைலோமாவுக்கு முந்தைய நிலை ஒன்று உண்டு, எம்.ஜி.யு.எஸ். என்று அறிக்கையில் வரும். அதிலிருந்து மைலோமாவுக்கோ அதை ஒத்த நோய்க்கோ மாறுவது ஆண்டுக்கு 1 சதவீதம் பேர்தான். அடுத்த படி "ஸ்மோல்டரிங்" மைலோமா, நீறு பூத்த நெருப்பு என்ற நம் வழக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. இதில் முதல் 5 ஆண்டுகள் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பேருக்கு நோய் மூளும். பிறகு அந்த வேகம் குறையும். எலும்பு அரிப்பு, சிறுநீரகக் குறைவு, ரத்தசோகை, கால்சியம் ஏற்றம் ஆகியவை வந்திருக்கின்றனவா என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கடைசியாக, ரத்தப் புற்றுநோய் என்று யாரும் நினைத்துப் பார்க்காத, சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைத்தீமியா வேரா. ஹீமோகுளோபின் 19 என்று வந்தால் நம் வீடுகளில் மகிழ்ச்சிதான். "நல்ல ரத்தம் ஓடுகிறது" என்று கன்னத்துச் சிவப்பைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். வெந்நீரில் குளித்தபின் உடம்பெல்லாம் அரிக்கிறது என்பவருக்குத் தோல் களிம்பு எழுதிக் கொடுக்கப்படும். புகைபிடித்தலாலும் நுரையீரல் நோயாலும் ஹீமோகுளோபின் ஏறலாம். அவை இல்லையென்றால் ஜாக்-2 என்ற மரபணுச் சோதனை வேண்டும். 2005-இல் கண்டறியப்பட்ட அந்த மாற்றம் இந்நோயாளிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ கல்லீரலின் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டாகவோ இருக்கக்கூடும். சிகிச்சையின் அடிப்படையோ வியப்பூட்டும் அளவுக்கு எளியது: ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 45 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்படி அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுதல், குறைந்த அளவு ஆஸ்பிரின், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் அணுக்களைக் குறைக்கும் மாத்திரை. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலில், மஜ்ஜை அணுக்கள் மிகையாகப் பெருகும் இத்தகைய நோய்த் தொகுதியின் பெயரிலிருந்த "நோய்" என்ற சொல்லை நீக்கிவிட்டு "புதுவளர்ச்சி" என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தது. அதன் பிறகு, பல ஆண்டுகளாக நிம்மதியாக ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள், காப்பீட்டுப் படிவத்தில் புற்றுநோய் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் இழந்தார்கள். உடம்பில் அன்று எதுவும் மாறியிருக்கவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இவைதான். ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று செய்தி வெளியிடும்போது அது தீவிர வகையா, மெல்ல வளரும் வகையா என்பதையும், தெரிந்தால் நோயின் முழுப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே தாருங்கள். "4-ஆம் நிலை" என்று எழுதுமுன் எந்த நோயின் 4-ஆம் நிலை என்று செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும். சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் இருப்பவரை "சிகிச்சைக்கு வழியில்லாமல் தவிப்பவர்" என்று எழுத வேண்டாம். உதவி கேட்கும் வேண்டுகோள்களோடு இது கலந்துவிடும் ஆபத்து உண்மையானது. வாசகர்களும் அறிக்கையின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல், நோயின் பெயர், இப்போதே மருந்து வேண்டுமா, வேண்டாமென்றால் எந்த மாற்றம் வந்தால் வேண்டும் என்ற மூன்றையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மருத்துவப் பக்கத்தில் இந்நோய்களைப் பற்றித் தொடர் வெளியிட இடமிருக்குமானால், சி.எம்.எல். நோயிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற நோய்களில் வாசகர் ஒரு வாரம் தாமதமாகப் படித்தால் பெரும்பாலும் இழப்பில்லை. இதில், இன்று இரவு மாத்திரை சாப்பிடாமல் படுக்கப் போகிறவர் ஒருவராவது தங்கள் வாசகராக இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர்,
திருச்சிராப்பள்ளி.